மூன்றாம் மாடியில் தானாக நிற்கும் லிஃப்ட்

அந்த ஓட்டலில் இதுவரை ஒருவர்கூடச் செத்ததில்லை.

கட்டி முடித்த நாளிலிருந்து அதுதான் அதன் பெருமை. ஐந்து மாடி, மாடிக்கு ஒரு நீண்ட தாழ்வாரம், தாழ்வாரத்தின் இரு பக்கமும் அறைகள். தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வந்து படுத்து, குறட்டை விட்டு, எழுந்து போன கட்டில்கள். அத்தனை பேரில் எழுந்திருக்காமலே போனவர் என்று யாரும் இல்லை. சாவு அந்த வாசல் வரைக்கும் வந்து, அறை வாடகையை விசாரித்துவிட்டு, அடுத்த தெரு லாட்ஜுக்குத் திரும்பிவிடும் போலிருந்தது.

உண்மையில் சாவும் மற்ற விருந்தாளிகளைப் போல வந்து தங்கிவிட்டுத்தான் போயிற்று. அது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள ஓட்டலில் ஒரு முறை இருந்தது. அங்கே எல்லாப் போர்வைகளும் வெள்ளை. ஒன்றே ஒன்று நீலம். அழுக்குத் துணி ஏற்றும் தள்ளுவண்டியின் மேல் அந்த நீலப் போர்வை விரித்திருந்தால் உள்ளே இருப்பது துணி இல்லை என்று வேலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தாழ்வாரத்தில் எதிரே வருபவர் சுவரில் ஏதோ படத்தைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொள்ள வேண்டும். லிஃப்டில் ஏற்றிவிட்டால் நேராகப் பேஸ்மென்ட்தான். நடுவில் யார் மணி அடித்தாலும், கத்தினாலும், கம்பிக் கதவைத் தட்டினாலும் லிஃப்ட் நிற்கக்கூடாது. கீழே பின்வாசலில் வேன் காத்திருக்கும். வேன் போன பிறகு அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசக்கூடாது. விதி என்று இதை எங்கும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டிய விதிகளைத்தான் அங்கே யாரும் மதிப்பதில்லை, இதை எல்லோரும் மதித்தார்கள்.

விருந்தாளிகள் சில பேருக்குச் சந்தேகம் வரும். "இந்த ரூம்ல யாராவது..." என்று இழுப்பார்கள். அதற்கும் ஒரு பயிற்சி உண்டு. அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கெல்லாம் தலைவியாக இருந்தவரைப் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு அவர் கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரிக்கச் சொல்லிக்கொடுப்பார், அதற்கடுத்த பாடம் இதுதான்.

"கேள்வி முடியறதுக்கு முன்னாடி பதில் வந்துடணும். 'இல்லவே இல்லைங்க.' அவ்வளவுதான். நடுவுல ஒரு மூச்சு விட்டாலும் அவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

பெரியக்கா அதைச் சொல்லும்போது முகம் அப்போதுதான் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கும். எந்த விருந்தாளியும் அந்த முகத்தைச் சந்தேகப்பட்டதில்லை.

லிஃப்டை ஓட்டியவரை மின்னல் என்று அழைத்தார்கள். லிஃப்டின் வேகத்தைப் பார்த்து வைத்த பெயர். வரவேற்புக் கூடத்தில் ஏறினால் ஐந்தாம் மாடி போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேர் அறிமுகமாகி, பழகி, மனஸ்தாபப்பட்டுப் பிரிந்துவிடலாம். மின்னல் கதவுப் பக்கம் முகத்தையும் பயணிகள் பக்கம் முதுகையும் காட்டிக்கொண்டு, பித்தளைக் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடி நிற்பார். முதுகை மட்டும்தான் திருப்பி வைத்திருந்தார், வாயை இல்லை. யார் ஏறினாலும், அவர் எங்கே போகிறார் என்று நன்றாகத் தெரிந்திருந்தாலும், "சாருக்கு எந்த மாடி?" என்று ஒரு ராகத்தோடு கேட்பார். நீலப் போர்வையோடு வண்டி வந்தாலும் விடமாட்டார். கதவை இழுத்துச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல், மரியாதையாகக் கேட்பார்:

"சாருக்கு எந்த மாடி?"

வண்டி தள்ளி வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். பெரியக்கா, "செத்த மனுஷன்கூட உன் வாய்க்குத் தப்ப முடியாதா?" என்று திட்டுவார், திட்டும்போதே சிரித்தும்விடுவார். சாவு என்ற சொல்லே இல்லாத அந்த ஓட்டலில் செத்தவருக்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்தக் கேள்விதான்.

மின்னலின் மனைவி மூன்றாம் மாடியில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் பாதிக் குடும்பத்தை நடத்தியது அந்த லிஃப்டுக்குள்தான். வீட்டில் அவர் தூங்கும்போது அவள் சமைத்தாள், அவள் தூங்கும்போது அவர் தண்ணீர் பிடித்தார். மகள் பள்ளிக்கூடத்தில் பேனாவைத் தொலைத்தது, குழாய் ஒழுகுவது, அவருடைய அக்கா ஒரு கல்யாணத்தில் சொல்லிவிட்ட வார்த்தை எல்லாம் மாடிகளுக்கு நடுவில் பேசித் தீர்க்கப்பட்டன. மூன்றாம் மாடி வந்தால் சண்டையை முடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம். முடியாவிட்டால் அவள் இறங்கி நின்று, கதவைச் சாத்தவிடாமல் ஒரு காலைக் குறுக்கே வைத்துக்கொண்டு முடிப்பாள். மேலே மணி அலறும். "காலை எடும்மா, தாயே" என்று அவர் கெஞ்சுவார். கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் கால் நகரும்.

அன்று காலையில் அப்படிச் சண்டை ஒன்றும் இல்லை. இடது கை வலிக்கிறது என்றாள். "நாள் பூரா மெத்தையைத் தூக்கிப் போட்டா கை வலிக்காம பாட்டா பாடும்?" என்றார் மின்னல். அவள் கையை உதறிக்கொண்டே மூன்றாம் மாடியில் இறங்கிப் போனாள்.

அன்றைக்கு ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டுகளின் மாநாடு. வரவேற்புக் கூடம் முழுக்க கழுத்தில் அட்டை மாட்டிய மனிதர்கள். இதயத்தைப் பற்றிப் பேசுவதற்காக ஒரு பெரிய டாக்டரை வேறு அழைத்திருந்தார்கள். அவரைக் காலையில் ஐந்தாம் மாடிக்கு ஏற்றிப்போய் இறக்கியது மின்னல்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்றாம் மாடியிலிருந்து மணி வந்தது. கதவைத் திறந்தால் தள்ளுவண்டி, மேலே நீலப் போர்வை. வழக்கமாக இரண்டு பெண்கள் தள்ளி வருவார்கள். அன்று பெரியக்கா மட்டும் வந்தார். மின்னல் கதவை இழுத்துச் சாத்தினார், முதுகைத் திருப்பிக்கொண்டார், கைப்பிடியை அழுத்தினார்.

"சாருக்கு எந்த மாடி?"

யாரும் சிரிக்கவில்லை. திட்டும் வரவில்லை.

"அவ எங்கக்கா? அவ மாடியில நீங்க வண்டி தள்ளறீங்க. கை வலின்னு உக்காந்துட்டாளா மகாராணி?"

இரண்டாம் மாடி போயிற்று. முதல் மாடி போயிற்று. வரவேற்புக் கூடத்தில் ஏஜெண்டுகள் சாப்பாட்டுக்கு மேலே போக வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் அந்த டாக்டர், கையில் தண்ணீர்க் குவளை. ஒருவர் கம்பிக் கதவைத் தட்டி, "நிறுத்துப்பா, நிறுத்து" என்றார். மின்னல் நிறுத்தவில்லை. நீலப் போர்வை இருந்தால் நிறுத்தக்கூடாது. அத்தனை பேரின் முகமும், மார்பும், ஷூவும் வரிசையாக மேலே ஏறி மறைந்தன.

பேஸ்மென்டில் பெரியக்கா போர்வையை விலக்கிக் காட்டினார்.

இறந்தது விருந்தாளி என்றால் முதலில் டாக்டரைப் பின்படி வழியாகக் கூட்டி வந்து காட்டி, உறுதி செய்துகொண்ட பிறகுதான் நீலப் போர்வை. கட்டில் விரிப்பவளுக்கு அந்தச் சம்பிரதாயம் எதற்கு என்று அப்போதைய மேனேஜர் நினைத்தாரோ, மாநாட்டுப் பரபரப்பில் மறந்தாரோ, அறைக் கதவோரம் நின்றபடியே பார்த்துவிட்டு, "முடிஞ்சுது. கூட்டம் மேல வர்றதுக்குள்ள இறக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்றார்கள். வரும்போது என்றால் எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

மின்னல் சில நாள் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்கு வந்தார். மகளை வளர்த்து ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தார். லிஃப்டை ஓட்டினார். மூன்று விஷயங்கள் மட்டும் மாறியிருந்தன. "எந்த மாடி?" என்று அவர் யாரையும் கேட்பதில்லை, அவர்களாகச் சொல்லும்வரை நிற்பார். மேலிருந்து இறங்கும்போதெல்லாம் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்கும். கதவைத் திறப்பார், தாழ்வாரத்தைப் பார்ப்பார், சாத்துவார். அன்றைக்கு நிறுத்தாததற்கு இப்போது நிறுத்தினார் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது மாற்றம் அவருடையது இல்லை. பெரியக்கா அன்றிலிருந்து லிஃப்டில் கால் வைக்கவில்லை. ஐந்து மாடியும் படியேறினார். முட்டி தேய்ந்தது, மாடிக்கு மாடி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஆனாலும் படிதான்.

இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் இல்லை. எரிந்துபோன பல்பு, லீவு, டீயில் குறைந்துகொண்டே வந்த சர்க்கரை எல்லாவற்றையும் பேசினார்கள். அந்த ஒரு மதியத்தைத் தவிர. மின்னலுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. வரவேற்புக் கூடத்தை, தண்ணீர்க் குவளையோடு நின்ற அந்த டாக்டரை, தாண்டி இறங்கியபோது அவள் உயிரோடு இருந்தாளா, போய்விட்டிருந்தாளா? அவர் கேலியாகக் கேட்ட அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்திருக்குமா? அதைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஆள்தான். அந்த ஆள் மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்பதைப் பற்றி விருந்தாளிகள் புகார் செய்தார்கள். "பழைய லிஃப்டுங்க, தானா நிக்குது" என்றார் மின்னல். மெக்கானிக் வந்து மேலே கீழே எல்லாம் திறந்து பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அவ்வளவு போதாதா? கோளாறே இல்லாத லிஃப்ட் ஆளே இல்லாத மாடியில் நிற்கிறது. மின்னலின் முதுகு கைப்பிடியை மறைத்துக்கொண்டிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. பேய் என்று முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை. ஆனால் சொன்னவருக்கு நல்ல செல்வாக்கு இருந்திருக்க வேண்டும், ஒரே வருஷத்தில் ஊர் முழுக்க நம்பிவிட்டது.

பிறகு ஓட்டலுக்குக் கெட்ட காலம் வந்தது. கடற்கரைப் பக்கம் கண்ணாடி ஓட்டல்கள் முளைத்தன. பெரிய முதலாளி படுத்த படுக்கையானார். நிர்வாகம் அவருடைய மாப்பிள்ளை கைக்கு வந்தது. மாப்பிள்ளை அதுவரை குளியலறை டைல்ஸ் விற்றவர். டைல்ஸ் விற்கத் தெரிந்தவருக்கு எதையும் விற்கத் தெரியும் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். காலையில் வந்தவுடன் கூடத்தின் நடுவில் நின்று கூரையைப் பார்த்து, "பாரம்பரியம்" என்பார். அந்தக் கூரையிலிருந்து அப்போது அவர் தோள்மீது சுண்ணாம்பு உதிரும்.

பேய்தான் இனி பிழைப்பு என்று கண்டுபிடித்தது அவர்தான். அதற்காக ஒரு நிபுணரை வரவழைத்தார். குடுமியும், கழுத்தில் ஒரு பெரிய மணியும், கையில் 'அமானுஷ்ய அனுபவ வடிவமைப்பாளர்' என்ற அட்டையுமாக வந்தவர், டப்பா போன்ற ஒரு கருவியைத் தாழ்வாரமெல்லாம் நீட்டிக்கொண்டு நடந்தார். அது சமையலறை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மட்டும் கூவியது. அங்கே ஒரு ஆத்மா தவிக்கிறது என்றார். தவித்தது உண்மைதான். பிரிட்ஜ் கெட்டுப்போய் வாரக்கணக்காகிறது என்று சமையல்காரர் சொன்னார்.

ஆத்மா வேண்டும் என்றால் முதலில் ஒரு சாவு வேண்டும். சாப்பாட்டு அறையில் வேலைக்காரர்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தினார்கள். மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "பயப்படாம சொல்லுங்க. இந்த ஓட்டல்ல யாராவது..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் முன்வரிசை, பின்வரிசை, தோட்டக்காரர், வாசல் காவலாளி எல்லோரும் ஒரே குரலில், "இல்லவே இல்லைங்க" என்றார்கள்.

மாப்பிள்ளை கெஞ்சினார். சன்மானம் உண்டு என்றார். வரிசை மறுபடியும் அதையே சொன்னது. நிபுணருக்கு முகம் விழுந்துவிட்டது. "ஒரு சாவுகூட இல்லாம எப்படி சார் பிசினஸ் பண்றது?" என்று மாப்பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டார். வரிசையின் ஒரு கோடியில் பெரியக்காவும் மறு கோடியில் மின்னலும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கடைசியில் லிஃப்டுதான் கை கொடுத்தது. மேல் மாடிகளைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையும் நிபுணரும் அதில் இறங்கினார்கள். மூன்றாம் மாடியில் நின்றது. கதவு திறந்தது. தாழ்வாரம் காலி. "ஏன் நிறுத்தினே?" என்றார் மாப்பிள்ளை. "தானா நிக்குது சார், ரொம்ப வருஷமா" என்றார் மின்னல். நிபுணர் கண்ணை மூடி, கழுத்து மணியைப் பிடித்துக்கொண்டார். ஒரு பெண் தெரிகிறாள் என்றார். மின்னலின் கை கைப்பிடியில் ஒரு கணம் இறுகிற்று. உயர்ந்த குடும்பம், பட்டு உடை, வைர நெக்லஸ், காதல் தோல்வி என்று நிபுணர் அடுக்கிக்கொண்டே போனார். மின்னலின் கை தளர்ந்தது.

இப்படியாக மூன்றாம் மாடிக்கு ஒரு சீமாட்டி குடிவந்தாள். சாதாரண ஆள் பேயானால் யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள், பேய்க்கும் பரம்பரை வேண்டும் என்பது நிபுணரின் கட்சி. பழைய சாமான் கடையிலிருந்து ஓர் எண்ணெய் ஓவியம் வாங்கி மாட்டினார்கள். யாருடைய அத்தையோ, பல்வலிக்காரி போன்ற முகம். ஓட்டலின் வரலாறு என்று பளபளவென ஒரு புத்தகம் அடித்தார்கள். அதில் ஒரு பக்கத்தில் பெரியக்காவின் புகைப்படம். சீமாட்டியின் பயத்தால் இந்த அம்மையார் பல வருஷங்களாக லிஃப்டில் ஏறுவதே இல்லை என்று கீழே போட்டிருந்தது. அந்த ஓட்டலில் பேய் இருப்பதற்குச் சாட்சி என்று மொத்தத்தில் இரண்டுதான். இரண்டும் ஒரே மதியத்தில் பிறந்தவை.

மின்னலுக்குச் சரிகை வைத்த கோட்டு தைத்தார்கள். சாயங்காலம் டிக்கெட் வாங்கி வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய், மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்றதும் சீமாட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். முடியாது என்றால் லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். லிஃப்ட் இருந்தால்தான் மூன்றாம் மாடியில் நிற்கலாம். மின்னல் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

நன்றாகவே சொன்னார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் வீல் என்று கத்தினார்கள். ஆண்கள் கத்தாமல் பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள், "மேடம், ஒரு செல்ஃபி" என்று இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். மின்னல் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். சீமாட்டி வேறு ஆள், அவள் பாட்டுக்கு அவள் இருந்துவிட்டுப் போகட்டும். மதியம் கூட்டமில்லாத நேரத்தில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மூன்றாம் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்து நிற்பார். அந்த நேரம் அவருடையது.

மாப்பிள்ளைக்கு வெற்றி தலைக்கேறியது. இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் என்று சாமான் அறைகளைக் குடைந்தார். பெரியக்காவிடம் சாவி வாங்கித் திறந்த ஓர் அலமாரியில், பூச்சி உருண்டைகளுக்கு நடுவில், மடித்து வைத்த நீலப் போர்வை இருந்தது. அது என்ன என்று அவருக்குத் தெரியாது. பழசு என்பது மட்டும் தெரிந்தது, அதுவே அவருக்குப் போதும். ஒரு தள்ளுவண்டியைத் துடைத்து மூன்றாம் மாடி லிஃப்டுக்கு நேர் எதிரே நிறுத்தி, உள்ளே துணிக்கடை பொம்மை ஒன்றைப் படுக்கவைத்து, மேலே அந்தப் போர்வையை விரித்தார். லிஃப்ட் கதவு திறந்தால் பொம்மை ஸ்பிரிங்கில் எழுந்து உட்காரும். ஏற்பாட்டைத் தானே இரண்டு முறை பார்த்து, இரண்டு முறையும் பயந்து, திருப்தியோடு போனார்.

அன்று சாயங்காலம் மின்னல் முதல் கூட்டத்தை இறக்கி வந்தார். மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தார். பொம்மை எழுந்து உட்கார்ந்தது. கூட்டம் அலறி, பிறகு சிரித்து, கை தட்டியது. மின்னல் கதை சொல்லவில்லை. கதவைச் சாத்தினார்.

அடுத்த கூட்டத்துக்கு லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்கவில்லை. அதற்கடுத்ததற்கும் நிற்கவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் கூச்சல் போட, மாப்பிள்ளை ஓடிவந்தார்.

"ஏன் நிறுத்தல?"

"நான் எங்க சார் நிறுத்தறேன்? தானா நிக்கும். இப்ப தானா நிக்கல."

"விளையாடறியா?"

"உங்க புத்தகத்துலயும் அப்படித்தான் சார் போட்டிருக்கு. கோளாறே இல்ல, தானா நிக்குதுன்னு."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார், சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். நீதான் நிறுத்துகிறாய் என்று சொன்னால் பேய் இல்லை என்றாகிவிடும். பேய்தான் நிறுத்துகிறது என்றால் மின்னலைத் திட்ட முடியாது. அவ்வளவு பெரிய மனிதர் ஒரு லிஃப்டுக்கு முன்னால் அப்படித் திணறி யாரும் பார்த்ததில்லை.

ஆனால் வியாபாரிக்கு வழியா இல்லை? பொத்தான் வைத்த புது இயந்திரம் வந்தது. வெளியே பழைய கம்பிக் கதவு அழகுக்கு அப்படியே இருக்கும். உள்ளே எல்லாம் தானியங்கி. இறங்கும்போது மூன்றாம் மாடியில் அதுவாக நிற்கும், விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டும், ஒரு மூலையிலிருந்து ரோஜா வாசனை புஸ்ஸென்று வரும். இப்போது யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, லிஃப்ட் உண்மையிலேயே தானாக நின்றது. மின்னலுக்கு ஓய்வு. பெரியக்காவுக்கும் முட்டி முடியவில்லை என்று அதே நாளில் ஓய்வு. மாப்பிள்ளை ஒரே மேஜையில் இரண்டு பேருக்கும் டீயும் கேக்கும் வைத்து, ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, தன்னைப் பற்றி நீண்ட நேரம் பேசினார்.

பேச்சு முடிந்ததும் மின்னல் ஐந்தாம் மாடிக்குப் போய்த் தன் பெட்டியைக் காலி செய்தார். ஒரு சீப்பு, ஒரு பழைய சட்டை, கோட்டு. கோட்டை ஆணியிலேயே விட்டார். லிஃப்டுக்குள் நின்று பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கும்போது பெரியக்கா தாழ்வாரத்தில் வந்தார். கையில் ஒரு பை. அதன் வாயில் நீல நிறம் தெரிந்தது. அவர் படிப் பக்கம் போகவில்லை. லிஃப்டுக்குள் வந்து, மின்னலுக்குப் பக்கத்தில் நின்றார்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இரண்டு பேருக்கும் கை வைக்க வேலை இல்லை.

"அக்கா, அன்னிக்கு அவ..."

"போயிட்டாப்பா. அப்பவே போயிட்டா."

மின்னல் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். துடைத்து வைத்த தட்டு.

"என்கிட்டயுமாக்கா?"

லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. விளக்கு கண் சிமிட்டியது. ரோஜா வாசனை வந்தது. அவளிடம் எப்போதும் வீசியது சோப்புத் தூள் வாசனை. எதிரே போர்வை இல்லாத வண்டியில் பொம்மை, கழுத்தில் விலைச்சீட்டுக் கட்டிய நூலோடு, எழுந்து உட்கார்ந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. கதவு மறுபடி சாத்திக்கொள்ள வந்தபோது பெரியக்கா குறுக்கே காலை வைத்தார். கதவு அவர் காலில் மோதித் திரும்பிப் போயிற்று.

மூச்சு விட்டார். ஒன்று இல்லை, பல மூச்சு.

"தெரியலப்பா" என்றார். "அந்தக் கட்டில்லயே சாஞ்சு கிடந்தா. கூப்பிட்டேன், கண்ணு திறக்கல. மேனேஜர் இறக்குன்னாரு. வண்டி பூரா அழுக்குத் துணி. யார் யாரோ தொடைச்சுப் போட்டது. அதுல எப்படிப்பா அவளைப் படுக்க வெக்கறது? எல்லாத்தையும் வெளிய கொட்டிட்டு, அப்பதான் காய வெச்சு வந்திருந்த புதுத் துண்டு எல்லாம் அள்ளிப் போட்டு, அது மேல வெச்சேன். மேலயும் போர்த்தினேன். நீ கேட்டியே, எந்த மாடின்னு. அப்ப நான் போர்வைக்குள்ள கையை விட்டு அவ காலைப் பிடிச்சிட்டிருந்தேன். கீழ போய்ச் சேர்ற வரைக்கும் விடல. சூடாத்தான் இருந்துச்சு."

கதவு மறுபடி வந்து அவர் காலில் இடித்தது.

"ஆனா அந்தத் துண்டெல்லாமே சூடுப்பா. மெஷின்லேர்ந்து எடுத்த கையோட கொண்டாந்தது. அவ சூடா, துணி சூடான்னு அன்னிக்கும் தெரியல. இத்தனை வருஷமா படியேறும்போதெல்லாம் யோசிச்சுப் பாக்கறேன். தெரியல. அழுக்குத் துணியிலயே வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

மின்னல் அவர் முட்டியைப் பார்த்தார். "காலை எடுங்கக்கா" என்றார். பையையும் வாங்கிக்கொண்டார்.

வரவேற்புக் கூடத்தில் கதவு திறந்தபோது சாயங்காலக் கூட்டம் டிக்கெட்டோடு காத்திருந்தது. மாப்பிள்ளை நடுவில் நின்று பாரம்பரியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கண் சிவந்து வெளியே வந்த இரண்டு பேரையும் பார்த்து முன்னால் நின்ற ஒரு பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரியக்காவைப் புகைப்படத்தில் பார்த்த அடையாளம் வேறு. கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிஜமாவே அந்த மூணாவது மாடியில யாராவது இறந்திருக்காங்களா?"

கேள்வி முடிந்தது. பெரியக்கா பேசவில்லை. மாப்பிள்ளை பேச வாயெடுத்தார்.

"ஆமாங்க" என்றார் மின்னல். "என் வீட்டுக்காரி. அங்கதான் வேலை செஞ்சா."

அந்தப் பெண் கையிலிருந்த வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டினாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். அப்படி ஒருத்தி அதில் இல்லை. இது தனி டிக்கெட்டா என்று மாப்பிள்ளையைக் கேட்டாள். கூட்டம் லிஃப்டுக்குள் ஏற ஆரம்பித்தது.

வேலைக்காரர்கள் போக வர பின்வாசல்தான். மின்னலும் பெரியக்காவும் அன்று அந்தப் பக்கம் திரும்பவில்லை. கூடத்தின் நடுவில் விரித்திருந்த கம்பளத்தின் மேல், பெரியக்காவின் முட்டிக்குத் தக்கபடி மெதுவாக, நீலப் போர்வையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மின்னல் நடந்தார். வாசல் காவலாளி கதவை அகலத் திறந்து சல்யூட் அடித்தான். யார் என்று பார்த்துச் செய்யவில்லை, பழக்கதோஷம்.